சோலிங்கன் போவி கத்தி காட்டு வேலைக்குத் தேறுமா? வரிசைப்படி சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மான் கொம்புப் பிடி, பித்தளைக் கைக்காப்பு, முனைப் பக்கம் முதுகு சரிந்து இறங்கும் அகன்ற அலகு. இப்படி, ஜெர்மனியின் கத்தி நகரமான சோலிங்கனில் செய்த ஒரு போவி கத்தி (அமெரிக்கப் பாணிப் பெரிய வேட்டைக் கத்தி) பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராகத் தோட்டத்துக்குப் போய் ஒரு விறகை எடுத்துப் போட்டு வெட்டிப் பார்க்கிறார்கள். வெட்டத்தான் செய்யும். புதுக் கத்தி எதுவாக இருந்தாலும் முதல் சில வெட்டுக்கு நன்றாகத்தான் வெட்டும். அதை வைத்துக் கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அலகில் கீறல் விழுந்துவிடும், திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வாங்கியதை ரத்து செய்யலாம். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது போலப் பார்க்கலாம், தடவலாம், அளக்கலாம். அதற்கு மேல் பயன்படுத்தினால் மதிப்புக் குறைந்ததென்று பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: தடம் விடாத சோதனைகள் எல்லாம் முதலில், சாணை நடுவில், மரம் கடைசியில். 1 முதல் 8 வரை உள்ளவற்றை ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒன்பதாவது படிக்குப் போனால் கத்தி உங்களுடையது.

1. என்ன வேலைக்கு என்று முதலில் எழுதிவையுங்கள்

கத்தியைப் பார்த்த பிறகு தேவையை யோசித்தால், அந்தக் கத்தி என்ன செய்யுமோ அதுதான் நமக்குத் தேவை என்று மனசு ஒப்புக்கொள்ளும். எனவே முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: சுள்ளி வெட்டவா, அடுப்புக்கு மரம் சீவவா, கூடார முளை செதுக்கவா, சமையலா, வேட்டைக்குப் பிறகு தோல் உரிக்கவா.

போவி அடிப்படையில் பெரிய கத்தி. சோலிங்கனில் வரும் வழக்கமான வடிவங்களின் அலகு 15 முதல் 22 செ.மீ., முதுகு 4 முதல் 5 மி.மீ. தடிப்பு. சுள்ளி வெட்ட, கயிறு அறுக்க, இறைச்சி துண்டு போட இது நல்ல அளவு. கரண்டி செதுக்குவது, மீன் சுத்தம் செய்வது போன்ற நுணுக்க வேலைதான் உங்கள் பட்டியலில் பாதி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 10 செ.மீ. கத்தி ஒன்று பாதி விலையில் அதைவிட நன்றாகச் செய்யும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெர்னியர் அளவி (பிளாஸ்டிக் போதும்), சமையலறைத் தராசு, பூதக்கண்ணாடி, கைபேசி விளக்கு, சின்ன நியோடிமியம் காந்தம், மெல்லிய தாள், நிறமுள்ள மார்க்கர் பேனா. பின்னால் வரும் வெட்டுச் சோதனைக்கு சணல் கயிறு, அட்டைப்பெட்டி, காய்ந்த மென்மரத் துண்டுகள், 1000 எண் சாணைக்கல், தீட்டிய கூரை மெருகேற்றத் தோல் பட்டை. வாசனை இல்லாத மினரல் எண்ணெய் கொஞ்சம். காயத்துக்குக் கட்டுத்துணி. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் கடைசியில் தேடுகிறார்கள், அதுவும் ஒரு கையால்.

காந்தம் எதற்கு என்று ஐந்தாவது படியில் தெரியும்.

3. சட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்

ஜெர்மனியில் வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துப் போவதுதான் சிக்கல். ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவுப்படி, அலகு 12 செ.மீ.க்கு மேல் இருக்கும் மடங்காத கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் உடம்போடு வைத்துக்கொண்டு திரியக்கூடாது. தொழில், விளையாட்டு, மரபு சார்ந்த வழக்கம் போன்றவை காரணமாக ஏற்கப்படும். "தற்காப்புக்கு" என்பது ஏற்கப்படாது. அபராதம் 10,000 யூரோ வரை போகலாம்.

பூட்டிய பெட்டியிலோ பையிலோ கொண்டு போவது வேறு கணக்கு, அது அனுமதிக்கப்பட்டது. முதுகுப்பையின் ஜிப்பில் ஒரு சின்னப் பூட்டு போட்டுவிடுங்கள். 2024 அக்டோபர் இறுதியில் விதிகள் இன்னும் இறுகின. பொதுத் திருவிழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் கத்தியை எட்டும் இடத்தில் வைத்திருக்கவே கூடாது. இடுப்பில் உறையோடு மாட்டிக்கொண்டு ரயில் ஏறுவதை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, போவியின் முனைக்கு மேலே முதுகில் சரிவாக ஒரு பட்டை இருக்கும், பொய்க்கூர் என்று வைத்துக்கொள்ளலாம். பல கத்திகளில் அது வெறும் சரிவுதான், வெட்டாது. அதைத் தீட்டி உண்மையான கூராக்கினால் கத்தி இருபக்கக் கூர் உள்ளதாகி ஆயுதமாகக் கணக்கில் வரும் வாய்ப்பு இருக்கிறது. தீட்டாதீர்கள். பழைய கத்தி வாங்கும்போது முன்னவர் யாராவது தீட்டியிருக்கிறாரா என்றும் விரலால் தொடாமல் தாளை ஓட்டிப் பாருங்கள்.

ஊருக்குக் கொண்டு வரும் எண்ணமிருந்தால் இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற வரம்பு இருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு. போவியை யாரும் அருவாமனை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

4. அலகில் பொறித்திருப்பதை நிதானமாகப் படியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் "ரோஸ்ட்ஃப்ரை" என்று பொறித்திருப்பதைப் பார்த்து அதுதான் கம்பெனியின் பெயர் என்று தேட ஆரம்பிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது துருப்பிடிக்காத எஃகு என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான். அதே மாதிரி "கெஸ். கெஷ்." என்ற சுருக்கம் வடிவமோ பெயரோ பதிவு செய்யப்பட்டது என்பதற்கு. இரண்டையும் வைத்து யார் செய்தது, தரம் எப்படி என்று எதுவும் சொல்ல முடியாது.

"சோலிங்கன்" என்ற ஊர்ப்பெயர் மட்டும் கனமானது. 1938-லிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 1994-ஆம் ஆண்டு ஆணை. உற்பத்தியின் முக்கியக் கட்டங்கள் எல்லாம் சோலிங்கன் தொழில் வட்டாரத்துக்குள் நடந்திருந்தால்தான் அதைப் பொறிக்கலாம். அலகில் எங்கும் சோலிங்கன் இல்லாமல், பெட்டியிலோ விளம்பரத்திலோ மட்டும் "ஜெர்மன் வடிவமைப்பு", "ஜெர்மன் எஃகு" என்று இருந்தால் கத்தி வேறெங்கோ செய்யப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் வரிசைக்கு வரிசை மாறும். போக்கர் நிறுவனத்தின் சோலிங்கன் பட்டறை வரிசை வேறு. போக்கர் பிளஸ், மேக்னம் என்று வருபவை பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்யப்படுபவை. பூமா என்ற கத்தி நிறுவனத்தில் ஐ.பி. என்று வந்தால் ஸ்பெயின். எஸ்.ஜி.பி. என்றால் அலகு ஜெர்மனி, கோர்ப்பு வேலை வெளிநாடு. இவை மோசம் என்று நான் சொல்லவில்லை, ஸ்பெயின் பட்டறைகள் நல்ல வேலை செய்கின்றன. சோலிங்கன் விலையை இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

எஃகின் எண் பொறித்திருந்தால் நல்லது. 1.4116 என்றால் அரை சதவீதம் வாக்கில் கரியும் 15 சதவீதத்துக்கு நெருக்கமான குரோமியமும் உள்ள துருப்பிடிக்கா எஃகு. வூஸ்தோஃப் சமையல் கத்தியில் X50CrMoV15 என்று பார்த்திருப்பீர்களே, அதே எஃகுதான். கூர் ரொம்ப நாள் நிற்காது, ஆனால் சாதாரணக் கல்லில் சீக்கிரம் வந்துவிடும். வாய் (கூர் விளிம்பு) சில்லுத் தெறிப்பதற்குப் பதிலாக மடங்கும், அதனால் காட்டில் சமாளிக்கலாம். 440சி என்ற எஃகு அதைவிடக் கூர் காக்கும், தீட்ட நேரம் பிடிக்கும். சி75 மாதிரி கரி எஃகு அருமையாகத் தீட்டலாம், ஆனால் ஈரம் பட்டால் துரு.

பூமா கத்திகள் பலவற்றில் அலகின் மேல் ஒரு சின்னக் குழிப்புள்ளி இருக்கும். அது குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ராக்வெல் கடினச் சோதனைக்கு வைர முனையை அழுத்திய தடம் அது. இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

5. பிடியும் உள்ளே போகும் காம்பும்

நேரம் இல்லாதவர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இந்தப் படியை விடக்கூடாது. வெளி வேலையில் போவிகள் தோற்றுப்போவது பெரும்பாலும் அலகில் இல்லை, அலகும் பிடியும் சேரும் இடத்தில். எஃகைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் பிடியை ஒரு நிமிடம் பார்ப்பதில்லை.

இரண்டு விதம் உண்டு. ஒன்றில் அலகின் இரும்பு அதே அகலத்தில் பிடியின் கடைசி வரை போகும், இரண்டு பக்கமும் கொம்புத் தகடு வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். பிடியைச் சுற்றிலும் இரும்பு விளிம்பு தெரியும். இன்னொன்றில் இரும்பு குறுகிக் காம்பாகி முழுக் கொம்புக்குள் நுழையும், கடைசியில் ஒரு திருகாணியோ அடித்து விரித்த தலையோ இருக்கும், அல்லது வெறும் பசை. சோலிங்கனின் பழைய பாணிப் போவிகளில் இரண்டுமே உண்டு.

காம்பு வகையில் அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. இங்கேதான் காந்தம். கொம்பும் பித்தளையும் காந்தத்தை இழுக்காது, கத்தி எஃகு இழுக்கும். காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, கைக்காப்பிலிருந்து பிடியின் முனை வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே சாய்வது நிற்கிறதோ அங்கே இரும்பும் முடிகிறது. கொம்பு தடியாக இருந்தால் இழுப்பு லேசாகத்தான் இருக்கும், அதனால் மூன்று நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். பிடியின் பாதியிலேயே நின்றுவிட்டால் அந்தக் கத்தி சீவவும் அறுக்கவும் ஆகும், வெட்ட ஆகாது. கடைசியில் இருக்கும் பித்தளைக் குமிழுக்கு உள்ளே எஃகுத் திருகு இருந்தால் அது தனியாக இழுத்து ஏமாற்றும், கவனம்.

அடுத்து கைக்காப்பு. அலகு கைக்காப்பின் துளை வழியே வெளியே வரும் இடத்தில் விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியக்கூடாது. ஒரு தாள் துண்டின் நுனி உள்ளே நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் தண்ணீரும் இறைச்சிச் சாறும் நுழையும், காம்பு உள்ளே யாருக்கும் தெரியாமல் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகு என்றாலும் காற்றுப் போகாத ஈர இடுக்கில் குழிக்குழியாக அரிக்கத்தான் செய்யும்.

பிறகு அலகை ஒரு துணியில் சுற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் முனையை வலது கை விரல் கணுவால் தட்டுங்கள். ஒரே கெட்டியான சத்தம் வர வேண்டும். மெல்லிய கிணுகிணுப்போ, விரலுக்குத் தெரியும் நடுக்கமோ இருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. திருகாணி உள்ள கத்தியில் அதை இறுக்கிச் சரி செய்யலாம். பசை மட்டும் உள்ளதில் முடியாது.

கொம்பைப் பற்றி நமக்கு ஒரு சொந்த விஷயமும் இருக்கிறது. இந்தக் கத்திகளில் பெயர் பெற்ற கொம்பு நம் கடமானுடையது, தென் மாவட்டங்களில் மிளா என்போமே, அதேதான். நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி குறைவு, சுற்றிலும் கெட்டி, அதனால் ஆணி பிடித்து நிற்கும். இந்தியாவிலிருந்து அதன் ஏற்றுமதி 1990-களின் இறுதியில் நின்றுபோனது, அதற்குப் பிறகு விலை ஏறிவிட்டது. ஐரோப்பிய மானின் கொம்பில் உள் பஞ்சு அதிகம். பிடியின் வெட்டுமுகத்தில் பூதக்கண்ணாடி வைத்து, துளைத்துளையான பகுதி ரிவெட் வரை வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் அங்கேதான் ஒரு நாள் பிளக்கும். போலிக் கொம்பு என்றால் இரண்டு பக்கத் தகட்டிலும் ஒரே வரிப்பள்ளம் திரும்ப வரும், நிறமும் ஒரே சீராக இருக்கும். சூடு வைத்த ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். உண்மைக் கொம்பாக இருந்தால் ஓட்டைதான் மிச்சம்.

கடமான் கொம்புப் பிடி உள்ள கத்தியை இந்தியாவுக்குக் கொண்டு வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது, சுங்கத்தில் "ஜெர்மனியில் வாங்கியது" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

6. அளவுகளை எடுங்கள்

எடை, அலகு நீளம், முதுகுத் தடிப்பு இவற்றை விற்பவரே கொடுத்திருப்பார். அவர் கொடுக்காத மூன்று அளவுகள்தான் வேலையைத் தீர்மானிப்பவை.

முதலாவது, கூருக்குச் சற்று மேலே உள்ள தடிப்பு. தீட்டிய சரிவு முடியும் இடத்தில் அளவியைப் படாமல் பட்டு வைத்து அளந்து பாருங்கள். 0.5 மி.மீ. பக்கம் இருந்தால் நன்றாகச் சீவும். 1 மி.மீ.க்கு மேல் போனால் எவ்வளவு தீட்டினாலும் கத்தி ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்குமே தவிர அறுக்காது. 0.4-க்குக் கீழே என்றால் கணு உள்ள மரத்தில் வாய் மடங்கிவிடும். பக்கவாட்டில் குழித்துச் சாணை பிடித்த கத்திகள், அதாவது அலகின் பக்கம் உள்வாங்கியிருப்பவை, தோலுரிக்க அருமை, தடி மரத்தில் பாதியில் சிக்கி நிற்கும்.

இரண்டாவது, கைக்காப்பிலிருந்து கூர் ஆரம்பிக்கும் இடம் வரை உள்ள தூரம். மரபுப் போவிகளில் அங்கே தீட்டாத சதுரப் பகுதி ஒன்று விட்டிருப்பார்கள், பொறிப்பெல்லாம் அதில்தான் இருக்கும். பார்க்க கம்பீரம். ஆனால் செதுக்கும்போது வலு கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, 2 செ.மீ.க்கு மேல் விட்டிருந்தால் முளை செதுக்கும்போது மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது, சமநிலைப் புள்ளி. ஒரு விரலின் மேல் கத்தியைக் கிடத்தி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கைக்காப்புக்கு முன்னால் அலகின் மேல் நின்றால் வெட்டும்போது கனம் உதவும். பிடிக்குள் நின்றால் கத்தி கையில் லேசாக இருக்கும், வெட்டு ஆழமாக இறங்காது. தடித்த கொம்பும் பித்தளைக் குமிழும் உள்ள கத்திகள் இப்படிப் பின்னால் கனத்துப் போவது சாதாரணம்.

அப்படியே பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரலை முதுகில் வைத்துப் பாருங்கள். கைக்காப்பின் மேல்பக்க நீட்சி பெரிதாக இருந்தால் விரலுக்கு இடமே இருக்காது. சண்டைக் கத்திக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், சுள்ளி சீவுகிறவனுக்கு அது வெறும் இடைஞ்சல். இரண்டு பக்கமும் நீண்ட காப்பு உள்ள போவியை வெளி வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

7. அலகின் நேரும் வாயும்

கத்தியை ஜன்னல் பக்கம் நீட்டி, முதுகைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். துப்பாக்கியில் குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு. முதுகு நேராக இருக்க வேண்டும், வாயும் நேராக இருக்க வேண்டும். பதம் கொடுக்கும்போது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து எஃகைக் கடினமாக்கும்போது, அலகு லேசாக வளைவது நடக்கக்கூடியது, நல்ல பட்டறையில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவு இருந்தால் திருப்பிவிடுங்கள், வீட்டில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

அப்புறம் வாயை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. எங்காவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே மழுங்கியிருக்கிறது அல்லது பிசிறு இருக்கிறது. புதுக் கத்தியில் இது இருப்பது பெரிய குறை இல்லை, சாணையில் போய்விடும். இரண்டு பக்கச் சரிவும் அகலத்தில் ரொம்ப வேறுபட்டால் கவலைப்படலாம், சரிக்கட்ட நிறைய இரும்பைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

அரம் வைத்துக் கடினத்தைச் சோதிப்பது என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சமையல் கத்தி அளவுக்குப் பதம் போட்ட எஃகில் நல்ல அரம் லேசாகக் கடிக்கும், அதிலிருந்து ஒன்றும் புரியாது, கீறல் மட்டும் நிரந்தரம்.

8. உறை

பலர் இதைக் கடைசியில் பார்ப்பார்கள். வெட்டுச் சோதனைக்கு முன்பே பார்க்க வேண்டும், ஏனென்றால் சோதனையின்போது கத்தி நூறு தரம் உறைக்குள் போய் வரும். கை கிழிவது பெரும்பாலும் அப்போதுதான்.

உறையின் தையல் ஓரத்தில் இரண்டு தோலுக்கு நடுவே இன்னொரு தோல் பட்டை வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கூர் நேராக நூலைத் தொட்டு அறுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் தொடையில் வந்து நிற்கும். கத்தியை உறையில் போட்டு, பட்டனை மாட்டி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். வெளியே வரக்கூடாது. பட்டன் வார் பிடியைச் சுற்றி வரும் இடம் கூரின் வழியில் குறுக்கிடுகிறதா என்றும் பாருங்கள், உருவும்போது வாரையே அறுக்கும் உறைகள் விலை உயர்ந்த கத்திகளோடும் வருகின்றன.

பித்தளை தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அது தோலின் பதனிடு ரசாயனமும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. துடைத்தால் போய்விடும், பழைய கத்தியில் அது விலை பேச ஒரு காரணம் மட்டுமே.

9. சாணை: இங்கிருந்து திரும்ப முடியாது

இதுவரை எல்லாம் சரி என்றால் மட்டும் இந்தப் படி. பெட்டியிலிருந்து வந்தபோது இருந்த கூர்மையை வைத்து எஃகைத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டறையில் வேகமான பெல்ட்டில் தீட்டும்போது விளிம்பின் மெல்லிய பகுதி சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். ஒன்றிரண்டு தரம் கல்லில் தீட்டிய பிறகு அதே கத்தி வேறு மாதிரி நடந்துகொள்ளும். தீட்டாமலே "கூர் நிற்கவில்லை" என்று எழுதுகிறவர்கள் பாதிப்பேர் இதைத் தெரியாதவர்கள்தான்.

வெளி வேலைக்குப் பக்கத்துக்கு 20 பாகை போதும். கோணத்தைப் பிடிக்க ஒரு சுலப வழி: அலகின் அகலம் 35 மி.மீ., முதுகு 5 மி.மீ. என்றால், முதுகின் கீழ் ஓரம் கல்லிலிருந்து சுமார் 9.5 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஒரு யூரோ நாணயம் 2.33 மி.மீ. தடிப்பு, நான்கை அடுக்கினால் 9.3. அடுக்கைக் கல்லின் மேல் வைத்து முதுகை அதில் சாய்த்துக் கோணத்தைக் கை உணர்ந்துகொள்ளட்டும், பிறகு நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள். அலகு இதைவிடக் குறுகலானால் ஒரு நாணயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

தீட்டும் முன் சரிவு முழுக்க மார்க்கர் பூசுங்கள். இரண்டு இழுப்புக்குப் பிறகு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். மேல் பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மடிந்து எழும் மெல்லிய பிசிறு முழு நீளமும் வந்த பிறகுதான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். முனையை நோக்கிக் கூர் வளையும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் உயர்த்தாவிட்டால் முனை மொண்ணையாகவே இருந்துவிடும், போவியில் எல்லாரும் தவறவிடுவது அந்த இடம்தான். கடைசியாகத் தோல் பட்டையில் பத்துப் பதினைந்து இழுப்பு.

10. மெல்லிய வெட்டுகள்

தாளை முதலில், பிறகு அட்டை, பிறகு சணல் கயிறு. வரிசை முக்கியம், கயிறும் அட்டையும் கூரைச் சீக்கிரம் தின்னும், அதற்குப் பிறகு தாள் அறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சணல் கயிற்றை ஒரு பலகைமேல் வைத்து ஒரே இடத்து வாயால் அறுத்துக்கொண்டே போங்கள், நடுநடுவே தாளை அறுத்துப் பாருங்கள். தாள் கிழிய ஆரம்பிக்கும்போது விளக்கில் வாயைப் பாருங்கள். மடங்கியிருந்தால் தோல் பட்டையில் சில இழுப்பில் திரும்பிவிடும், அது 1.4116 போன்ற எஃகின் இயல்பு. நுண்ணிய பல் பல்லாக உடைந்திருந்தால் பதம் அதிகம் அல்லது கோணம் குறைவு.

அப்புறம் மென்மரம். பைன் அல்லது ஸ்ப்ரூஸ் மரச்சட்டத்தில் நீளச் சுருளாகச் சீவுங்கள், தீ மூட்டச் சீவுவது போல. சுருள் அறுந்து அறுந்து வந்தால் கூருக்கு மேலே தடிப்பு அதிகம் என்று ஆறாவது படியில் எடுத்த அளவு சொன்னதே, அதுதான் இங்கே தெரிகிறது. அரை மணி நேரம் நிறுத்தாமல் சீவிவிட்டுக் கையைப் பாருங்கள். சிவந்த இடங்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கொம்பின் வரிப்பள்ளங்கள் நல்ல பிடிமானம் தரும், ஆனால் ரிவெட்டின் தலையும் கைக்காப்பின் பின் விளிம்பும் உறுத்துவது வழக்கம். பித்தளையின் விளிம்பை 400 எண் உப்புத்தாளில் லேசாக உருட்டிவிட்டால் போதும்.

கையுறை போட்டுக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், உறுத்தல் தெரியாமல் போய்விடும். அதன் பிறகு கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி சீவுங்கள், மெதுவாக. மெருகேற்றி வழுவழுப்பாக்கிய கொம்பு இங்கே தன் குணத்தைக் காட்டும்.

11. கனமான வேலை

எங்கே செய்வது என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மன் காட்டில் உயிர் மரத்தை வெட்டக்கூடாது, தீ மூட்டவும் கூடாது. உங்கள் தோட்டமோ, அனுமதி உள்ள முகாம் இடமோ போதும்.

கட்டைவிரல் தடிப்புள்ள காய்ந்த கிளையில் ஆரம்பித்து மணிக்கட்டுத் தடிப்புக்குப் போங்கள். அலகைச் சாய்வாக இறக்குங்கள், நேர் குறுக்காக வெட்டினால் எந்தக் கத்தியும் துள்ளும். வீச்சின் பாதையில் உங்கள் முழங்கால் இருக்கக்கூடாது, மண்டியிட்டு உட்காருவது நல்லது. சில வெட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, அலகைத் துடைத்து, ஐந்தாவது படியில் செய்த தட்டல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சத்தம் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கத்தியை மரத்தின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பதை எல்லாரும் கேட்கிறார்கள். முழு அகலக் காம்பும் 5 மி.மீ. முதுகும் இருந்தால், கணு இல்லாத மென்மரத்தில், அலகின் நீளத்தைவிடக் குறுகிய துண்டில் செய்யலாம். மெல்லிய காம்பு உள்ள கொம்புப் பிடிக் கத்தியில் செய்யவே வேண்டாம். அடி முனைப் பக்கம் விழும்போது அதன் எதிர்வினை முழுவதும் காம்பு குறுகும் அந்த ஒரு மூலையில் போய் நிற்கிறது, அங்கே கூர்மூலையாக வெட்டியிருந்தால் முறியும். கடையில் விறகென்று வலைப்பையில் விற்கும் பீச் மரத்தை எடுத்து இதைச் செய்வதுதான் பெரிய தப்பு. உலர்த்தி எடுத்த பீச் மரம் கல் மாதிரி. அதற்குக் கைக்கோடாலி 25, 30 யூரோவுக்குக் கிடைக்கிறது.

முனையால் நெம்பாதீர்கள், எறியாதீர்கள். போவியின் முனை முதுகுச் சரிவால் மெலிந்தது, குத்தத்தான், திருக அல்ல.

12. ஈரம்

கத்தியைக் கழுவி, துடைத்து, ஈரத்துணியில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். பிடி நனையக்கூடாது. காலையில் பழுப்புப் புள்ளி இருந்தால் துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துடைத்ததும் போனால் மேலோட்டமானது. பொறிப்பு எழுத்துகளுக்குள்ளும் கைக்காப்பின் ஓரத்திலும்தான் முதலில் வரும், "ரோஸ்ட்ஃப்ரை" என்று எழுதியிருந்தாலும். எலுமிச்சை, தக்காளி அறுத்த பிறகு உடனே கழுவும் பழக்கம் இருந்தால் துருப்பிடிக்கா எஃகில் இதற்கு மேல் பயமில்லை.

கொம்பை ஊற வைக்காதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள், ஹீட்டர் மேல் காய வைக்காதீர்கள். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், அப்போதுதான் ரிவெட்டைச் சுற்றி முடி போன்ற விரிசல் வரும்.

13. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா

கைக்காப்பில் இடைவெளி, தட்டினால் கிணுகிணுப்பு (திருகாணியை இறுக்கியும் போகாதது), வளைந்த அலகு, ரிவெட் பக்கம் கொம்பில் விரிசல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டாவது படிக்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். பேரம் பேசி விலை குறைத்து வாங்காதீர்கள், சரி செய்யும் செலவு அதைவிட அதிகம்.

கூர் சுமார், கைக்காப்பு விளிம்பு உறுத்தல், உறை தளர்வு, களிம்பு இவையெல்லாம் நாமே தீர்க்கக்கூடியவை. கூருக்கு மேலே தடிப்பு மட்டும் நடுவில் நிற்பது: 0.8 வரை கல்லில் சாதித்துவிடலாம், அதற்கு மேல் என்றால் சாணைக்காரரிடம் கொடுத்து மெலிய வைக்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

லிண்டர், ஹூபர்டஸ், ஒத்தெல்லோ, பூமா போன்ற பெயர்களில் வந்த பழைய கத்தி உபயோகிக்காமல் பெட்டியோடு கிடைத்தால் ஒன்பதாவது படிக்குப் போகும் முன் ஒரு முறை யோசியுங்கள். சேகரிப்பவர்கள் தீட்டாத கத்திக்குத்தான் நல்ல விலை கொடுப்பார்கள். அதை விற்று, ஏற்கெனவே தீட்டித் தேய்ந்த, பிடி கெட்டியான அதே வடிவக் கத்தி ஒன்றை வாங்கிக் காட்டுக்கு எடுத்துப் போவது புத்திசாலித்தனம். வீட்டில் வைக்கும்போது உறைக்கு வெளியே, எண்ணெய் தடவி, உறையைத் தனியாக வையுங்கள்.